பிக்கப் வண்டிக்கு எந்த ஏர் ஃபில்டர் வாங்குவது?

எஞ்சின் இழுக்கும் காற்றிலிருந்து தூசியைத் தடுத்து நிறுத்தும் மடிப்பு மடிப்பான காகிதம்தான் ஏர் ஃபில்டர். ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றாவது வேண்டும். அதோடு மணல்துகளும் உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். அப்புறம் வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும்.

அதனால் வாங்கும்போது பிராண்டைவிட அளவுதான் முக்கியம். ஒரே பெயர் கொண்ட பிக்கப்பிலேயே பிஎஸ்4, பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்) எஞ்சின்களுக்கு ஃபில்டர் மாறலாம். பழைய ஃபில்டரில் உள்ள பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். விளிம்பு ரப்பர் சுற்றிலும் பெட்டியோடு அழுந்தி உட்கார வேண்டும். கொசுவலை எவ்வளவு உசத்தியானாலும் ஒரு ஓரம் தூக்கியிருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

செங்கல் சூளை, குவாரிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். எண்ணெய் தடவி, கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் கூடிவிட்டால் காற்றை அளக்கும் சென்சாரில் போய்ப் படியும்.

பங்க்சர் கடையில் காற்றடித்தால் பழைய காகித ஃபில்டர் புதிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுந்து, தூசிக்கு நேர்வழி கிடைத்துவிடும்.