மார்பகத்தில் தடுக்கும், கருப்பையில் தூண்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு டாமாக்சிஃபென் 20 மி.கி. மாத்திரையை நாள்தோறும் சாப்பிட்டு வருகிறார். இது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து என்றார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும் என்று படித்திருக்கிறேன். எங்கள் மருத்துவரோ இந்த மாத்திரையால் எலும்புக்கு நன்மைதான் என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? போன மாதம் அம்மாவுக்கு இரண்டு நாள் லேசாக ரத்தக் கசிவு இருந்தது. உடம்புச் சூடு என்று சொல்லி, வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டு இருந்துவிட்டார்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவருக்கு, அதிலும் டாமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு, ஒரு துளி ரத்தம் பட்டாலும் அதைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேன் எடுத்துக் கருப்பையின் உட்சவ்வைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிறிது திசுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும் என்றாலும், பார்த்து உறுதி செய்தாக வேண்டும். அதற்குள் பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த முடிவைப் புற்றுநோய் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நான் இவ்வளவு அவசரப்படுத்துவதற்கான காரணம், நீங்கள் கேட்ட எலும்புக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றினாலும், தனக்குரிய ஏற்பி இருக்கும் செல்களில்தான் அது வேலை செய்யும். அந்த ஏற்பிப் புரதத்தை ஒரு குங்குமச் சிமிழாக எண்ணிக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளே போய் அமர்ந்ததும் மூடி கச்சிதமாகப் பொருந்தும். அப்போது உருவாகும் ஒரு பள்ளத்தில் துணைப் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகே மரபணுக்கள் இயங்கிச் செல் பெருகத் தொடங்கும். டாமாக்சிஃபெனும் அதே சிமிழுக்குள்தான் போகிறது. ஆனால் அதற்கு நீளமான ஒரு கை உண்டு. அந்தக் கை வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் மூடி பொருந்தாமல் ஒருபுறமாகச் சரிந்து, துணைப் புரதங்கள் ஒட்ட வேண்டிய பள்ளத்தையே அடைத்துவிடுகிறது. மார்பகச் செல்களின் பெருக்கம் தடைப்படுவது இதனால்தான்.

ஆனால் அதே ஏற்பியின் இன்னொரு முனையும் துணைப் புரதங்களை ஈர்க்க வல்லது. அதற்கு மூடி பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. கருப்பை உட்சவ்வின் செல்களில் அந்த முனைக்குத் தோதான துணைப் புரதங்கள் மிகுதியாக இருப்பதால், மார்பகத்தில் தடையாக நின்ற அதே மாத்திரை இங்கே தூண்டுகோலாகிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுந்த 13,388 பெண்களிடம் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், டாமாக்சிஃபென் அந்த நோயை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆனால் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் ஒருவர் என்ற அளவிலிருந்து இரண்டு பேருக்குச் சற்று மேலாக உயர்ந்தது. எண்ணிக்கை சிறியதுதான். உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு மாத்திரையின் நன்மையே பெரிது. ஆனால் அந்த இரண்டு பேரைக் காட்டிக்கொடுக்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் ரத்தக் கசிவுதான்.

இனி எலும்பு. நம் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும் செல்கள் உண்டு. அவற்றின் ஆயுளைச் சுருக்கி அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றபின் அந்தக் கட்டுப்பாடு தளர்வதால் எலும்பு தேய்கிறது. அந்த நிலையில் டாமாக்சிஃபென் எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் கதை வேறு: அவர்களின் வலுவான ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய இடத்தை வலுக்குறைந்த இந்த மருந்து பிடித்துக்கொள்வதால், எலும்பு அடர்த்தி சற்றுக் குறையக்கூடும். ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது அம்மாவின் வயதுக்கு முற்றிலும் சரி. ஈஸ்ட்ரோஜனைப் பெண் ஹார்மோன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு பழுதுபட்ட 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அவர் 204 செ.மீ. உயரம், எலும்பின் வளர்முனைகள் அந்த வயதிலும் மூடவில்லை, எலும்போ புரையோடியிருந்தது. ஆணின் எலும்புக்கும் இந்த ஹார்மோன் வேண்டும்.

பிற்பாடு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைக்கு மாற்றினால் கணக்கும் மாறும். அவை ஏற்பியைத் தொடுவதில்லை. கொழுப்புத் திசு முதலிய இடங்களில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கின்றன. கருப்பை தூண்டப்படுவதில்லை, ஆனால் எலும்பு தேயும். அப்போது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். டாமாக்சிஃபென் சாப்பிடும் காலத்தில் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ரத்தக்கட்டாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து மாதமாகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது. இது ஹார்மோன் மாத்திரையா? தாய்ப்பால் குறையுமா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: ஹார்மோன் மாத்திரை அல்ல. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த ஆர்மிலாக்சிஃபீன் என்ற மருந்து இது. மேலே சொன்ன டாமாக்சிஃபெனின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1962-இல் இங்கிலாந்தில் டாமாக்சிஃபெனை உருவாக்கியவர்கள் கருத்தடை மருந்தைத்தான் தேடினார்கள். அது கைகூடாமல் புற்றுநோய் மருந்தாயிற்று. அந்தத் தேடலை நிறைவேற்றியது நம் நாட்டு மருந்து என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை. இது கருப்பை உட்சவ்வைக் கரு தங்குவதற்கு ஏற்றபடி தயாராக விடுவதில்லை. தாய்ப்பால் குறையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்ற முறையில், குறித்த கிழமைகள் தவறாமல் சாப்பிடுங்கள். தொடக்க மாதங்களில் மாதவிடாய் தள்ளிப்போவது வழக்கம்தான்; 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சினைப்பை நீர்க்கட்டியோ, அண்மையில் மஞ்சள் காமாலையோ இருந்திருந்தால் இந்த மாத்திரை உங்களுக்கு ஏற்றதல்ல. செவிலியரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.