பதில்: கிராப்பி ட்ராலிங்கில் நூல் சிக்குகிறது, மீனும் கடிப்பதில்லை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிரெனடா ஏரியில் கிராப்பி (ஒரு நன்னீர் மீன்) பிடிக்க ட்ராலிங் செய்வதாகவும், அதாவது படகை மெதுவாக ஓட்டியபடி பின்னால் ஒரே நீளமுள்ள எட்டு ராடில் (தூண்டில் கோலில்) நூல் விட்டு, மணிக்கு 1.5 மைல் வேகத்தில் போவதாகவும், திரும்பும்போதெல்லாம் நூல் சிக்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். மீன் 8 அடி ஆழத்தில் நிற்கிறது, ஆனால் கடிப்பதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முதல் கோளாறு வேகம்தான். 1/16 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) அந்த வேகத்தில் மேலெழும்பி, மீனுக்கு வெகு மேலே போய்விடும். மணிக்கு 1 மைல் அல்லது அதற்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள். மீனுக்கு ஓரடி மேலே ஓடினால் போதும். கிராப்பி மேலே பார்த்துத்தான் இரை எடுக்கும், காலடியில் போவதை அவ்வளவாகக் கவனிக்காது.

சிக்கலுக்குக் காரணம் எல்லா ராடும் ஒரே நீளம் என்பது. இரு ஓரங்களிலும் 16 அடி ராடு, உள்ளே வர வர 14, 12, 8 என்று குறையுங்கள். அப்புறம், வளைவை நன்றாக அகலமாக எடுங்கள். திரும்பும்போது வெளிப்பக்க ஜிக் வேகமெடுத்து மேலேறும், உள்பக்கத்தது தொய்ந்து இறங்கும். எந்தப் பக்கம் கடிக்கிறது என்று அப்போது கட்டாயம் பாருங்கள். உள்பக்கம் கடித்தால் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். ராடு வளைந்தபடியே நிதானமாகச் சுற்றி, வலையில் ஏந்துங்கள்.

ஓர் ஆளுக்கு எத்தனை ராடு என்பதற்கு கிரெனடா ஏரியில் வரம்பு உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.