சாஃப்ட்வேர் வந்த பிறகும் நோட்டில் எழுதுகிறார்களே?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறோம். கட்டிங் முதல் பேக்கிங் வரை கணக்கு வைக்கத் தனியாக சாஃப்ட்வேர் எழுதி வாங்கினோம். டெமோவில் சூப்பர்வைசர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் மொத்தமாக ஏற்றுகிறார்கள். அடுத்த வெர்ஷனில் அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பதில்: முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பணம் கொடுத்து முடித்த சாஃப்ட்வேரை யார் குறை சொல்வார்கள்? அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள், திட்டுவதற்காக அல்ல. பவர்டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்குப் போன பண்டலில் பாதி இன்று வரும், மீதி நாளை மறுநாள் வரும். ஒரு சைஸில் நாலு பீஸ் குறையும். செக்கிங்கில் ஒதுக்கியதில் கொஞ்சம் பிரித்துத் தைத்துத் திரும்பி வரும். டெலிவரி சலானில் உள்ள எண்ணிக்கை முழுசாக வந்தால்தான் சேவ் ஆகும் என்று திரை அடம்பிடித்தால் சூப்பர்வைசர் நோட்டைத்தானே எடுப்பார்? ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதையெல்லாம் புரோகிராமரிடம் காட்டுங்கள். ஒரு ஷிஃப்ட் முழுக்க அவரைச் செக்கிங் டேபிள் பக்கத்திலேயே நிற்கவையுங்கள்.

அப்புறம், புரோகிராம் எழுதும் முன்பே திரைகளைத் தாளில் வரைந்து, நேற்றைய சலானை வைத்து அவர்களையே நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவியாவில் அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் கணினி ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய 'உட்டோப்பியா' திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். தொழில்நுட்ப விவரணைகளைக் காட்டியபோது அவை பெரிதாகப் பலன் தரவில்லை. அட்டையிலும் பலகையிலும் மாதிரி செய்து வைத்ததும் நிலைமை மாறியது. வெறும் அட்டைப்பெட்டி மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதிவைத்து, அது வந்தால் தங்கள் வேலை எப்படி நடக்கும் என்று செய்தே பார்த்தார்கள். தாளை அடித்துத் திருத்த யாரும் கூச்சப்படுவதில்லை.

யாரை அழைப்பது? கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள பையனை மட்டும் பிடிக்காதீர்கள். அதிகம் முணுமுணுக்கும் செக்கிங் அக்காவும் வரட்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் என்றால் அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். 'இது வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால், உண்மையிலேயே எடுத்துவிட நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கூப்பிடவே வேண்டாம்.

இன்னொன்று: ரிஜெக்ஷன் கணக்கை யார் பார்ப்பார்கள், அதை வைத்துச் சம்பளத்தில் கைவைப்பீர்களா என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பயம் இருந்தால் ரிஜெக்ஷன் எண்ணைக் குறைத்துத்தான் போடுவார்கள்.