76 வயதில் மூளை ரத்தக்குழாய்க் குமிழ் வெடித்தால் சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: என் பெரியம்மாவுக்கு 76 வயது. தானே சமைத்துச் சாப்பிட்டு, தினமும் கோயிலுக்கு நடந்து போய்வந்தவர். போன மாதம் ஒரு காலையில் திடீரென்று தாங்க முடியாத தலைவலி, இரண்டு முறை வாந்தி. உள்ளூர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளை ரத்தக்குழாயில் குமிழ் வெடித்திருக்கிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோய், குமிழைக் கம்பிச் சுருளால் அடைக்கும் ‘காயில்’ (coil) வைக்க வேண்டும் என்றார்கள். ‘இந்த வயதில் மூளையில் கை வைக்க வேண்டுமா’ என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்ததிலேயே ஒரு பகல் போய்விட்டது. அன்றிரவு மறுபடியும் ரத்தம் கசிந்து நினைவு தப்பியது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார். நாங்கள் தவறு செய்துவிட்டோமா? அவருடைய தங்கையான என் அம்மாவுக்கு 71 வயது. அவருக்கும் இப்படி வருமா? வந்தால் என்ன முடிவெடுப்பது? – வாசகி, தேனி மாவட்டம்

பதில்: உங்கள் பெரியம்மாவின் சாவுக்கு நீங்கள் காரணம் இல்லை. அன்று காலையிலேயே கிளம்பியிருந்தாலும் ஆம்புலன்சில் போகும்போதோ, சிகிச்சை மேஜையில் படுத்திருக்கும்போதோ இரண்டாவது கசிவு வந்திருக்கலாம். அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு பகலால் எந்த வித்தியாசமும் இல்லை என்று உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்ல மாட்டேன். இந்த நோயில் மணிநேரக் கணக்கு மிக முக்கியம். உங்கள் கடிதத்தைப் படிக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அது தெரிய வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் முடுக்குகளில் சில பேருக்குச் சுவர் மெலிந்து, சிறு குமிழ்போலப் புடைத்துக்கொள்ளும். மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். அது வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் ரத்தம் பீறிடும். மண்டையே பிளந்ததுபோன்ற அந்தத் தலைவலி அப்போது வருவதுதான். பிழைத்து மருத்துவமனைக்கு வந்து சேர்கிறவருக்குக் கசிவு நின்றிருக்கும். அதை நிறுத்தி வைத்திருப்பது கிழிந்த இடத்தில் உறைந்து நிற்கும் கொஞ்சம் ரத்தம் மட்டுமே. முதல் 24 மணி நேரத்தில், அதிலும் முதல் சில மணி நேரத்தில், அந்த அடைப்பு பிய்த்துக்கொள்ளும் அபாயம் மிக அதிகம். இரண்டாம் முறை வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ‘அம்மா நன்றாகத்தான் பேசுகிறாரே, இரண்டு நாள் பார்ப்போம்’ என்று குடும்பத்தார் சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைவது இதனால்தான். நன்றாகப் பேசுகிறவர்தான் சிகிச்சையால் அதிகம் பயனடைகிறவர். காத்திருந்தால் அதிகம் இழக்கிறவரும் அவரே.

உங்கள் உறவினர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 1937-இல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி முதன்முதலாக இப்படிப்பட்ட குமிழின் கழுத்தில் உலோகக் கிளிப்பைப் போட்டார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல், மண்டை ஓட்டைத் திறக்காமல் குமிழை அடைக்கச் சரியான வழி இருக்கவில்லை. 1990-களில் காயில் வந்தது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குமிழுக்குள் மிக மெல்லிய பிளாட்டினம் கம்பிச் சுருள்களைச் சுருட்டி அடைத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து உண்டு. மண்டையைத் திறப்பதில்லை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சிகிச்சையைப் பற்றித் துணிந்து பேச முடிவது இதனால்தான்.

காயில்தான் முதியவர்களுக்கு எப்போதும் நல்லது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஐசாட் என்ற பெரிய பன்னாட்டு ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 278 பேரைத் தனியாகப் பிரித்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் காயில் வைத்தவர்களில் சுமார் 60 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 56 சதவீதம். பெரிய இடைவெளி இல்லை. நடு மூளைத் தமனி எனப்படும் பக்கவாட்டுக் குழாயில் குமிழ் இருந்தவர்களிடம் முடிவு தலைகீழானது: கிளிப் போட்டவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் சிலரே என்பதால் அதையே சட்டமாக்க முடியாது. ஆனாலும் குமிழ் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று, மூளை ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராம் பார்க்காமல் ‘வயதானவர், காயில் போதும்’ என்று யாரும் சொல்லக் கூடாது. முதுமையில் ரத்தக்குழாய்கள் தடித்து வளைந்து நெளிந்திருப்பதால் குழாயைச் செலுத்துவதே கடினமாக இருப்பதும் உண்டு. இரண்டு முறைகளையும் செய்யும் மருத்துவமனைக்குப் போவது நல்லது என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நினைவோடு வந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறந்த வருடத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இரண்டு விஷயங்கள். வரும்போது எவ்வளவு நினைவோடு இருக்கிறார்? இந்த நோய்க்கு முன் எப்படி வாழ்ந்துகொண்டிருந்தார்? கோயிலுக்கு நடந்து போன 76 வயதுப் பெரியம்மா, பேசிக்கொண்டே வந்திருந்தால், தயங்காமல் ‘செய்யலாம்’ என்றுதான் சொல்லியிருப்பேன். பல வருடமாக மறதி நோயோடு படுக்கையில் இருக்கும் 68 வயதுக்காரர் ஆழ்ந்த மயக்கத்தில் வந்தால், வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே நல்ல மருத்துவம் என்று குடும்பத்திடம் சொல்வேன். அதைக் கைவிடுதல் என்று நினைக்க வேண்டாம்.

மயக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கசிந்த ரத்தம் மூளை நீர் வடியும் பாதையை அடைத்துவிட்டால் தலைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். முதியவர்களிடம் இது அதிகம். மயக்கத்துக்குக் காரணம் அந்த அழுத்தமாகவே இருந்தால், ஒரு மெல்லிய குழாய் வைத்து நீரை வடித்தபின் சிலர் கண் திறப்பார்கள். ஆகவே மயக்கத்தில் வந்துவிட்டார், முடிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாமல், ‘நீர் கோத்திருக்கிறதா? வடித்துப் பார்த்தபின் முடிவு செய்யலாமா?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் மாறிய முடிவுகள் உண்டு.

காயிலோ கிளிப்போ மறுகசிவைத் தடுப்பதற்கு. முதல் கசிவு மூளைக்குச் செய்த சேதத்தை அது சரிசெய்யாது. இதை முன்கூட்டியே சொல்லாததால் ‘ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றீர்களே’ என்று பிள்ளைகள் உடைந்து போகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கி, பக்கவாதம் வரலாம். அதன் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் மாத்திரை 21 நாள் கொடுப்பார்கள். வயதானவர்களுக்கு அது ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடக்கூடும் என்பதால் அளவைப் பிரித்துக் கொடுக்க நேரிடும். நிமோனியா, உப்புச்சத்து குறைதல், இரவில் ஆள் தெரியாமல் பிதற்றுதல் எல்லாம் வரும், பெரும்பாலும் சமாளிக்கலாம். மொத்தத்தில் இரண்டு மூன்று வாரம் மருத்துவமனை, பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. அட்டையைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள். ஒருவர் நோயாளியோடு கிளம்பட்டும், இன்னொருவர் அட்டையோடு பின்னால் வரட்டும்.

இனி உங்கள் அம்மா. உடன்பிறந்தவர் ஒருவருக்கு மட்டும் வந்திருப்பதால் அவருக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது வந்திருந்தால்தான் பொதுவாக எம்.ஆர். ஆஞ்சியோகிராம் பரிந்துரைக்கிறோம். தாத்தா பாட்டியோ மாமாவோ இதேபோல் திடீர்த் தலைவலியோடு இறந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவர்கள் அம்மாவின் பெற்றோரும் உடன்பிறந்தவரும் ஆயிற்றே. அப்படி ஒருவர் இருந்தால் கணக்கு மாறும், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தை மாதம் ஒருமுறை அளந்து கட்டுக்குள் வையுங்கள். எந்த வடிவிலும் புகையிலை வேண்டாம்.

அம்மா தெளிவாக இருக்கும் இப்போதே அவரிடம் பேசுங்கள். பெரியம்மாவைப் பற்றிப் பேசினாலே பேச்சு வந்துவிடும். ‘எனக்கு எல்லாம் செய்து பாருங்கள்’ என்பாரோ, ‘படுக்கையில் கிடக்கும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள்’ என்பாரோ, அவர் வாயால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் தம்பிகளும் அப்போது உடனிருக்கட்டும். சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும், இதுவரை கண்டிராத தலைவலி என்றாவது வந்தால், தைலம் தேய்த்துப் படுக்கவைக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இந்த ரத்தக்கசிவு தப்புவது மிக மிக அரிது.