சத்தம் எதனோடு ஓடுகிறது?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் காருக்கு வயது 15. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. சில மாதங்களாக 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் 'ஊம்' என்று ஓர் இரைச்சல் எழுகிறது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. ஒரு பணிமனையில் கியர் பாக்ஸ் என்றார்கள். இன்னொரு பணிமனையில் வலது முன்சக்கரத்தின் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாமா?

பதில்: இறக்க வேண்டாம். இப்போதைக்கு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். சத்தம் கேட்டதும் 'எந்தப் பாகம் போயிற்று?' என்று கேட்பதே வழக்கமாக இருக்கிறது. 15 ஆண்டுகள் ஓடிய வண்டியில் தேய்ந்த பாகங்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், அந்தக் கேள்விக்கு யார் எதைச் சொன்னாலும் பாதியாவது பொருந்திவிடும். அந்தப் பாதியை நம்பித்தான் பணம் செலவாகிறது. முதலில் கேட்க வேண்டியது, சத்தம் எதனோடு சேர்ந்து கூடுகிறது, எதனோடு சேர்ந்து குறைகிறது என்பதே. இன்ஜின் சுற்றும் வேகம், சக்கரம் சுற்றும் வேகம், ஸ்டியரிங் திரும்பும் பக்கம், பிரேக், சாலையின் மேடு பள்ளம் ஆகியவற்றுள் எதனோடு அது ஒட்டிக்கொண்டு போகிறதோ, அந்தப் பக்கத்தில்தான் கோளாறு இருக்கும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். ஊம் சத்தம் வரவில்லையென்றால் இன்ஜினையும், அதன் பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் போன்றவற்றையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். அடுத்து, போக்குவரத்து இல்லாத, சமதளமான, நேரான சாலையில் ஒரே வேகத்தை ஒருமுறை நான்காவது கியரிலும் மறுமுறை ஐந்தாவது கியரிலும் பிடித்துப் பாருங்கள். இன்ஜினின் சுற்று வேகம் மாறியும் ஊம் சத்தத்தின் சுருதி மாறவில்லையென்றால், அது சக்கரத்தோடு ஓடும் சத்தம். அதே சாலையில் சில நொடிகள் நியூட்ரலுக்கு மாற்றியும் இதை உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் ஓடும் வண்டியில் இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் உதவி விசை போய்விடும், சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். எனவே சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை சுற்றுகிறது. 'டிக் டிக்' என்று நொடிக்கு ஆறு முறை கேட்டு, வேகத்தோடு அந்த எண்ணிக்கை கூடுமானால், டயரின் பள்ளத்தில் கல்லோ ஆணியோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். தங்களுடையதைப் போல எண்ண முடியாத தொடர் இரைச்சல் என்றால், ஒரு சுற்றுக்குள் பலமுறை உரசும் ஏதோ ஒன்று காரணமாக இருக்க வேண்டும். பல குண்டுகள் உருளும் பேரிங்கும், சீரற்றுத் தேய்ந்த டயரின் மேற்பரப்பிலுள்ள ரப்பர்க் கட்டைகளும் அப்படிப்பட்டவை.

பேரிங் மாற்றியும் சத்தம் போகாததால், என் முதல் சந்தேகம் டயரின் மேல்தான். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து, முதலில் முன்னோக்கியும் பிறகு பின்னோக்கியும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப்போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால், அந்த டயர் நிச்சயமாக இரையும். டயர் இரைச்சல் சாலைக்குச் சாலை மாறும். வழவழப்பான புதுத் தார்ச் சாலையில் ஒரு விதமாகவும் கான்கிரீட் சாலையில் வேறு விதமாகவும் கேட்கும். பேரிங் சத்தமோ எந்தச் சாலையிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் தேடல் அத்தோடு முடிந்தது.

டயர் இல்லையென்று உறுதியானால் மட்டும் மீண்டும் பேரிங்குகளுக்கு வரலாம். அகலமான, காலியான இடத்தில் சத்தம் கேட்கும் வேகத்தில் வண்டியை இலேசாக இடப்பக்கமும் வலப்பக்கமும் வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது இரைச்சல் தடித்தால் வலப்பக்கப் பேரிங்கையும், வலப்பக்கம் திரும்பும்போது தடித்தால் இடப்பக்கப் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். இருக்கையில் உட்கார்ந்தபடி 'இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது' என்று காதை மட்டும் நம்பிச் சொல்வது பலமுறை தவறிவிடுகிறது, ஏனெனில் சத்தம் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பரவி, பிறந்த இடத்தில் அல்லாமல் தகடு அதிர்கிற இடத்தில் வெளிப்படும். பின்சக்கரத்துப் பேரிங்கின் சத்தம் முன்னால் கேட்பதும் உண்டு. பின்னர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் தாங்க வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; கடகடவென்று ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, மறு கையின் விரலைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு காதுக்கு எட்டாதபோதும் விரலுக்கு எட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு நான்கு சக்கரங்களும் குற்றமற்றவை என்றால்தான் கியர் பாக்ஸின் முறை. நியூட்ரலிலும் அதன் கடைசிப் பல்சக்கரங்கள் சக்கரத்தோடு சுழன்றுகொண்டுதான் இருக்கும் என்பதால், அதை முழுவதுமாக விடுவிக்க முடியாது. அப்போதும் முதல் வேலை எண்ணெயை இறக்கி, அதில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பதுதான்.

கேள்வி: காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டும் சத்தம் வருகிறது, சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: சூடேறியதும் மறையும் சத்தம், சூடேறியபின் தோன்றும் சத்தத்தைவிடப் பெரும்பாலும் சாதுவானது. முதலில் எண்ணெய்யின் அளவையும், வண்டிக்குக் குறிப்பிடப்பட்ட ரகம்தானா என்பதையும் பாருங்கள். ஹைட்ராலிக் டாப்பெட் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கி வால்வைத் தள்ளும் பாகம்) உள்ள இன்ஜின்களில் இரவு முழுவதும் வடிந்துபோன எண்ணெய் மீண்டும் நிறையும் வரை இப்படித் தட்டும். டாப்பெட்டை அசைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், இன்ஜின் சுழலும் வேகத்தில் சரிபாதியில்தான் சுழலும். எனவே நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு டாப்பெட் நொடிக்கு ஆறேழு முறைதான் தட்டும்.

அதே ஒலியைத் தரும் இன்னொன்று, இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்துக் கசிவு. இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபட்டு ஒலி நின்றுவிடும். அந்த இணைப்பருகே கரி படிந்த தடம் தெரிகிறதா என்று இன்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள்; கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது வண்டிக்குள் வந்தாலும் தெரியாது.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பழைய முறை, இன்றும் பயன்படுகிறது. துண்டு, சட்டைக் கை, நீண்ட முடி எதுவும் பெல்ட்டையும் விசிறியையும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி இன்ஜின் நின்றபிறகும் தானாகச் சுழலத் தொடங்கும். ஒருவேளை சூடேறியபின் அடியிலிருந்து கனத்த 'டொக் டொக்' கேட்டு, எண்ணெய் அழுத்த விளக்கும் எரிந்தால், வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சிறு குழிகளில் முன்பக்கம் 'லொட லொட' என்கிறது. பெரிய வேகத்தடையில் ஒன்றுமில்லை. இது எப்படி?

பதில்: முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள், ஜாக்கியும் ஸ்பேனரும் செய்கிற மாயம் கொஞ்சமல்ல. அதன் பிறகும் கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்கைப் பாருங்கள். வண்டி சாயாமல் தடுக்க இடவலச் சக்கரங்களுக்கு நடுவே போடப்பட்ட ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் சிறு இணைப்பு அது. வேகத்தடையில் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறுவதால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது கம்பி முறுகி, தேய்ந்த இணைப்பு ஆடுகிறது. அதே வேளையில் பால் ஜாயின்ட்டையும் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) சோதிக்கச் சொல்லுங்கள். லிங்க் போனால் சத்தம்தான். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

கேள்வி: மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் சத்தம் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் அதற்குக் காரணம், அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடேறிவிடுவதுதான். குளிர்ந்த நிலையில் வரும் சத்தமென்றால் முந்தைய மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் தாங்கள் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடும்போது வரும் சத்தமென்றால் அவரை அருகில் உட்கார வைத்துத் தாங்களே ஓட்டுங்கள். எந்த வேகத்தில், எந்தக் கியரில், எந்தத் திருப்பத்தில் வந்தது என்பதைத் தாளில் குறித்துக் கொடுங்கள். பாகத்தின் பெயரை மட்டும் தாங்களாகச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அதைத்தான் மாற்றுவார்.