ரமோன்ஸின் 29 நிமிடங்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னையில் படிக்கும் என் பேரன் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ‘ரமோன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்கச் சொன்னான். 14 பாட்டுகளும் அரை மணிக்குள் முடிந்துவிட்டன. நான்கு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஒரே இரைச்சல். “யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் தாத்தா, அதுதான் பங்க் இசையின் பெருமை” என்கிறான். நாம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள். பயிற்சியின்மையே பெருமை என்னும் இசையில் தாங்கள் எதைக் காண்கிறீர்கள்?

ஒரு வாசகர், குத்தாலம்

அன்புள்ள ஐயா,

தங்கள் பேரன் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு தாங்கள் எழுப்பும் கேள்வியிலும் இல்லை. அந்த இசைத்தட்டை யார் வேண்டுமானாலும் வாசித்துவிட முடியாது. குழுவில் கிதார் வாசித்த ஜானி ரமோன் தந்திகளைப் பெரும்பாலும் மேலிருந்து கீழாக மட்டுமே மீட்டுகிறார். மற்றவர்கள் கீழும் மேலுமாக மாற்றி மீட்டிக் கையை இளைப்பாற்றிக்கொள்ளும் வேகத்தில், ஒவ்வோர் அடியையும் ஒரே கனத்தோடு இறக்கிக்கொண்டே போக மணிக்கட்டில் எவ்வளவு வலு வேண்டும் என்பது, கிதார் பழகும் எந்தப் பிள்ளையையும் இரண்டு நிமிடம் அப்படி வாசிக்கச் சொன்னால் விளங்கிவிடும்.

டிரம்ஸ் வாசித்த டாமியின் கதை இன்னும் சுவையானது. ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்திருந்த அவர் முதலில் குழுவின் நிர்வாகியாகத்தான் இருந்தார். டிரம்ஸ் வாசிக்க வந்தவர்கள் எவருக்கும் அவர் கேட்ட வெறும் நேரான தாளத்தை வாசிக்க வரவில்லை என்பதால், வேறு வழியின்றி, தாமே பழகி உட்கார்ந்தார். கைப்பழக்கம் உள்ளவர்களால் விட முடியாத அலங்காரங்களை, இவர்கள் தெரிந்தே விலக்கினார்கள். 1974 முதல் நியூயார்க்கின் சிபிஜிபி என்ற மதுவிடுதி மேடையில் வாசித்து வாசித்துப் பாட்டுகள் ஏற்கெனவே இறுகியிருந்தன. அதனால்தான் 1976 பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரே வாரத்தில், 6,400 டாலர் செலவில், முழு இசைத்தட்டையும் பதிவுசெய்ய முடிந்தது. பெயர்பெற்ற ராக் குழுக்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் தங்கிவந்த காலம் அது.

பாட்டுகளின் குறுக்கத்தையும் குறையாக எண்ண வேண்டாம். அவர்களுக்குப் பிடித்தவை 1960களின் தொடக்கத்தில் வந்த இரண்டு, மூன்று நிமிடப் பாட்டுகள். ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் விரித்த அந்தத் தோடியும் 78 சுற்று இசைத்தட்டாக வந்தபோது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சத்தில் அடங்கத்தான் வேண்டியிருந்தது. அதற்காக அதை யாரும் குறைத்துப் பேசியதில்லை.

ஆனாலும் தோடி ஆலாபனையின் பக்கத்தில் இதை வைப்பது பொருந்தாது. நம் இசையில் உறவு தேடியே ஆக வேண்டுமென்றால், சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படும் மல்லாரியைச் சொல்வேன். அதுவும் திறந்தவெளியில், நின்றபடி, கூட்டத்தின் சத்தத்தை மீறி வாசிக்கப்படுவது. கேட்பவரை உட்கார வைப்பதற்கன்று, நடக்க வைப்பதற்கு உரியது. தவிலின் கணக்கு வழக்குகள் இவர்களிடம் கிடையாது. உறவு அவ்வளவோடு சரி.

எனக்கு உறுத்துவது வேறொன்று. போதைக்காகப் பசையை முகரும் பாட்டைக் கூட, வேலையற்ற பிள்ளைகளின் சலிப்பு என்று கடந்துவிடுவேன். கடைசிப் பாட்டில் நாஜிகளை வைத்துச் செய்யும் வேடிக்கையை அப்படிக் கடக்க முடியவில்லை. பாடிய ஜோயி யூதர். டாமி, நாஜிகளிடமிருந்து உயிர்தப்பிய பெற்றோருக்குப் புடாபெஸ்டில் பிறந்தவர். அந்த உரிமையில் செய்த கேலி என்று வாதிடுவோர் உண்டு. பாட்டைக் கேட்கிறவருக்கு இந்தப் பின்னணி தெரிய வழியில்லை என்பதால், அந்த வாதம் எனக்குப் போதவில்லை.

பேரனிடம் சொல்லி, ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கிதாரை வலப்பக்கமும் பேஸ் கிதாரை இடப்பக்கமுமாகப் பிரித்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். வலது காதிலிருந்து எடுத்துவிட்டால், தாங்கள் இரைச்சல் என்று சொன்னது பெரும்பாலும் நின்றுபோகும். குரலோடு பேஸும் டிரம்ஸும் தெளிவாகக் கேட்கும். தாளம் போட்டுப் பழகிய கைக்கு அங்கே வேலை இருக்கிறது.

அன்புடன்.