கீப்பர் லீக்கில் தடுமாறும் இளம் ஹாக்கி வீரரின் ட்ரேட் மதிப்பை எப்படிக் கணிப்பது? கொடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா?

முதல் சுற்றில் எடுத்த 20 வயதுப் பொடியன் இரண்டாவது சீசனிலும் தடுமாறுகிறான், 33 வயது வீரர் ஒருவரைத் தருகிறேன் என்று ஒருவர் அவனைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜ ஐஸ் ஹாக்கி வீரர்களை நாங்கள் பங்குபோட்டு எடுத்து, அவர்கள் ஆட்டத்தில் எடுக்கும் புள்ளியை எங்கள் கணக்கில் சேர்க்கிற ஃபான்டஸி விளையாட்டு இது. அதிலும் வீரர்களை அடுத்த வருடத்துக்கும் கையில் வைத்திருக்கக்கூடிய கீப்பர் லீக் என்பதால் பதில் எழுதுகிறேன். ஒரே சீசனோடு எல்லாம் கலைகிற லீக் என்றால், சரி, கொடுத்துவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். கீப்பர் என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2023 ஜனவரியில் இதே இடத்தில் நின்று பிழையான முடிவு எடுத்தவன் நான். அந்த வலி இன்னும் போகவில்லை.

நான் கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். வேர்ஹவுஸ் ஒன்றில் இரவு ஷிஃப்ட் செய்கிற பத்துப் பேர் சேர்ந்து தொடங்கிய லீக் எங்களுடையது. ஆளுக்கு ஐந்து வீரர்களை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2020இல் நான் கடைசி இடத்தில் முடித்ததால் முதல் தெரிவு எனக்கு வந்தது. வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்எச்எல்லில், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். அந்த வருட டிராஃப்டில் முதலாவதாகப் போன அலெக்ஸி லாஃப்ரெனியரையே நானும் எடுத்தேன். கியூபெக் ஜூனியர் லீக்கில் ரிமூஸ்கி அணிக்கு 52 ஆட்டத்தில் 112 புள்ளி (கோலுக்கும், கோலுக்கு உதவிய பாஸுக்கும் ஒவ்வொரு புள்ளி) எடுத்துவிட்டு வந்த பொடியன். யாராக இருந்தாலும் அவனைத்தான் எடுத்திருப்பார்கள்.

நியூயார்க் ரேஞ்சர்ஸில் முதல் சீசன் 56 ஆட்டம், 21 புள்ளி. இரண்டாவது சீசன் 79 ஆட்டம், 31 புள்ளி. மூன்றாவது சீசனில், 2022 டிசம்பர் கடைசியில், ஒரு ஆட்டத்துக்கு அவனை உடுப்பே போடவிடாமல் மேலே உட்கார வைத்தார்கள். டிராஃப்டில் முதலாவதாகப் போனவனைப் பயிற்சியாளரே வெளியே இருத்திய அந்தக் கிழமை முழுக்க, எங்கள் வட்டத்தில் வேறு பேச்சே இல்லை.

அதிகாலை மூன்று மணி, லஞ்ச் ரூம். என் புட்டு மைக்ரோவேவில் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைவிடப் பத்து வயது இளைய தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணை, உவனை இன்னும் எத்தினை வருசம் சுமக்கப் போறியள்? நான் பவெல்ஸ்கியைத் தாறன். இந்த வருசமே காசு இடத்துக்குள்ள வந்திடுவியள்." டாலஸ் அணியின் ஜோ பவெல்ஸ்கிக்கு அப்போது 38 வயது, ஆனால் மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். மைக்ரோவேவ் மணி அடிப்பதற்குள் நான் ஃபோனில் சம்மதத்தை அழுத்திவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் காத்திருந்தவனை ஒரு நிமிடத்தில் கொடுத்தேன்.

அந்த சீசனில் பவெல்ஸ்கி 77 புள்ளி எடுத்தார். நான் மூன்றாவதாக வந்தேன், பரிசுக் காசும் கிடைத்தது. அடுத்த சீசனிலும் அவர் 67 புள்ளி எடுத்தார். அப்படியானால் ட்ரேட்டில் நீங்கள்தானே வென்றீர்கள் என்று இங்கே யாராவது வந்து எழுதுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்: ஆம், ஒன்றரை வருடம் வென்றேன். 2024 கோடையோடு பவெல்ஸ்கி ஆட்டத்தை விட்டார். என் கையில் எதுவும் மிஞ்சவில்லை. லாஃப்ரெனியரோ 2023-24இல் 28 கோல், 57 புள்ளி. அதே 2024 அக்டோபரில் ரேஞ்சர்ஸ் அவனுக்கு ஏழு வருடத்துக்கு, வருடம் 74.5 லட்சம் டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது. அதற்குப் பதினான்கு மாதம் முன்பு இதே அணி அவனுக்குப் போட்ட விலை வருடம் 23.25 லட்சம். தினமும் பயிற்சியில் அவனைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கே விலை இப்படி மூன்று மடங்கு மாறுகிறது. நாங்கள் ஃபோனில் புள்ளிக் கணக்கைப் பார்த்து என்னத்தை மதிப்பிடுகிறோம்?

அன்றிரவு நான் பார்த்திருக்க வேண்டியது, ஆட்டத்தில் அவனுக்கு என்ன வாய்ப்பு கொடுக்கப்பட்டது என்பதை. ரேஞ்சர்ஸின் இடது விங்கில், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில், பனாரினும் கிரைடரும் இருந்தார்கள். இவனும் இடது விங். முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூவர் மூவராக, லைன் லைனாக மாறிமாறி இறங்குவார்கள். இவன் மூன்றாவது லைனுக்குத் தள்ளப்பட்டான். பவர் பிளே, அதாவது எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது ஆடும் நேரம், அங்கேதான் புள்ளிகள் மலிந்து கிடக்கும். ரேஞ்சர்ஸின் முதல் பவர் பிளே ஐவரில் பனாரின், சிபனெஜாட், கிரைடர், ஃபாக்ஸ் என நாலு இடம் பூட்டியே கிடந்தது. 2021-22இல் கிரைடர் அடித்த 52 கோலில் 26 பவர் பிளேயில் வந்தவை. லாஃப்ரெனியர் அந்த வருடம் அடித்த 19 கோல், அநேகமாக எல்லாமே, ஐவருக்கு ஐவர் ஆடும்போது அடித்தவை. இருபது வயதில் அந்த ஓரத்தில் நின்று அடித்த 19 கோல் சின்ன விஷயமா? எனக்கு அது அப்போது தெரியவில்லை. 31 புள்ளி என்ற எண் மட்டும்தான் தெரிந்தது.

அப்புறம் பீட்டர் லவியலெட் பயிற்சியாளராக வந்து அவனை வலது விங்குக்கு மாற்றினார். பனாரினோடும் ட்ரோச்செக்கோடும் ஒரே லைனில் விட்டார். மேலே சொன்ன 28 கோல் வந்தது அந்த வருடம்தான்.

ஆகவே உங்கள் பொடியன் விஷயத்தில் முதலில் பாருங்கள்: ஒரு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஐஸில் நிற்கிறான், பக்கத்தில் யார், பவர் பிளேயில் விடுகிறார்களா. அதற்கடுத்து ஷாட். கோல் வராவிட்டாலும் ஷாட் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடுகிறதென்றால் விற்காதீர்கள். மறுபக்கமும் உண்டு. 2012இல் முதலாவதாகப் போன நைல் யாகுபோவ், எட்மன்டனுக்கு முதல் சீசனில் 48 ஆட்டத்தில் 17 கோல் அடித்தான். நட்சத்திரம் என்றார்கள். ஆனால் அவன் எடுத்த ஷாட்களில் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று உள்ளே போயிருந்தது. லீக்கில் சாதாரணமாகப் பத்துக்கு ஒன்றுதான் போகும். அடுத்த சீசனில் 11 கோல். 2016இல் ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவும் இன்னொரு சின்ன வீரரும் தந்து செயின்ட் லூயிஸ் அவனை வாங்கிக்கொண்டது. அவனை விற்க நல்ல நாள் முதல் சீசன் முடிந்த அன்றுதான். எல்லா இளம் வீரர்களையும் கட்டிப்பிடித்து வைத்திருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, சந்தையில் வருகிற விலை எப்போதும் ஆட்டக்காரனின் விலையாக இருக்காது. 2021இல் மொன்றியால் அணியின் இளம் வீரர் கொட்கனியமிக்கு, தடுமாறிக்கொண்டிருந்தபோதே, கரோலினா 61 லட்சம் டாலர் நீட்டியது. இரண்டு வருடம் முன்பு கரோலினாவின் வீரர் செபாஸ்டியன் ஆஹோவை மொன்றியால் இழுக்கப் பார்த்த கோபம் அதில் இருந்தது. முற்பணமாக இருபது டாலர் என்று எழுதினார்கள், ஆஹோவின் சட்டை எண் 20. உங்கள் லீக்கிலும் கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்று பாருங்கள். அந்த லஞ்ச் ரூம் தம்பி நியூயார்க் ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவர். அந்த ஒன்றே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும்.

கல்கரி 2014இல் நாலாவதாக எடுத்த சாம் பெனட்டை 2021 ஏப்ரலில் ஃப்ளோரிடாவுக்கு விட்டது. கிடைத்தது ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவும் ஹைனமன் என்ற இளம் வீரரும். பெனட் போனவுடன் பத்து ஆட்டத்தில் 15 புள்ளி எடுத்தார். 2025இல் ஸ்டான்லி கப் பிளேஆஃப்பின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். கல்கரியில் இருந்ததும் அதே கால்கள், அதே கைகள்.

வயதையும் பாருங்கள், ஆனால் மாதக் கணக்கில். லாஃப்ரெனியர் பிறந்தது 2001 அக்டோபர். அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போன குவின்டன் பைஃபீல்ட், எங்கள் பக்கத்து நியூமார்க்கெட் பொடியன், 2002 ஆகஸ்ட். பத்து மாத வித்தியாசம். இருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் புள்ளி ஒப்பிட்டு, பைஃபீல்ட் தேறமாட்டான் என்றார்கள். 2022-23இல் 22 புள்ளி எடுத்தவன் அடுத்த வருடம் 55 எடுத்தான்.

மாதம் என்றவுடன் இதையும் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். என் சின்ன மகன் நவம்பர் மாதத்துப் பிள்ளை. கனடாவில் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிப்பார்கள், ஜனவரிப் பிள்ளையும் நவம்பர்ப் பிள்ளையும் ஒரே அணித் தேர்வில் நிற்பார்கள். ஒன்பது பத்து வயதில் பத்து மாதம் என்பது ஒரு தலை உயரம். தேர்வுக்கு வரவே தனியாகக் காசு. முதுகில் 47 என்ற எண்ணோடு மூன்று நாள் போனான். மூன்றாம் நாள் சுவரில் ஒட்டிய பட்டியலில் 46 இருந்தது, 48 இருந்தது. அவன் விரலை வைத்து மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தான். பயிற்சியாளரிடம் கேட்டபோது "சைஸ் காணாது, அடுத்த வருசம் பார்ப்போம்" என்றார். அடுத்த வருடம் அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். இப்போது பதினாறு வயது, என்னைவிட உயரம். அந்த ஸ்கேட்ஸ் கராஜில் ஆணியில் தொங்குகிறது, கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிளப்பில் ஒருவராவது பிறந்த மாதத்தைக் கேட்டிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று நாளில் விலை போடுகிறார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் 33 வயது வீரருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அடுத்த வருட முதல் சுற்றுத் தெரிவையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டவர் உடனே சம்மதித்தால் அப்போதும் ஒரு இரவு தள்ளிப் போடுங்கள். மறுத்தால் பொடியன் உங்களோடே இருக்கட்டும்.

2024-25இல் லாஃப்ரெனியர் 45 புள்ளிக்கு இறங்கிவிட்டானே என்று கேட்பீர்கள். உண்மை, இறங்கினான். அந்தக் கோடையில் அதே தம்பி, அதே லஞ்ச் ரூமில், "அண்ணை, வேணுமெண்டா திருப்பி எடுங்கோ, எனக்கு அலுத்துப்போச்சு" என்றார். இந்த முறை வீட்டுக்கு வந்து, அவன் ஐஸில் நின்ற நிமிடங்களையும் ஷாட்களையும் வருடவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் பதில் சொன்னேன். என் இரண்டாம் சுற்றுத் தெரிவைக் கொடுத்து அவனைத் திருப்பி வாங்கினேன். அவனுக்கு அப்போதும் 23 வயதுதான்.

உங்கள் பொடியன் யார், எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்று கீழே எழுதுங்கள். நாளை ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்.